முதல் முறையாகப் பல நாள் மலையேற்றம்: இரண்டாம் நாள் காலையை மனதில் வைத்துத் தயாராகுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. தினமும் காலையில் சமதரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறீர்கள். மலையில் இதுவரை ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. நண்பர்கள் ஐந்து நாள் மலையேற்றத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிளம்ப மூன்று மாதம் இருக்கிறது, மிக உயரமான முகாம் 3,600 மீட்டரில். "இந்த நடை போதுமா, என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, முடிவில் "மற்றவர்களுக்குப் பாரமாகிவிடக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது அந்த வரியைத்தான் என்று தோன்றுகிறது. ஒரு நாள் எப்படியாவது நடந்துவிடலாம், ஐந்து நாள் தொடர்ந்தால் உடம்பு தாங்குமா என்பதுதான் உங்கள் பயம்.

தாங்கும். பெரிய நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு மூன்று மாதம் தாராளமான அவகாசம். ஆனால் இப்போது நடக்கும் நடை மட்டும் போதாது. பல வருடங்களாகப் புதியவர்களை மலைக்கு அழைத்துப் போகிறேன், மலைப் பகுதி முதலுதவியில் பயிற்சி பெற்றிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆகவே மருந்து பற்றி வரும் இடத்தில் என் பேச்சை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நாளில் பெரும்பாலானவர்கள் நன்றாகவே நடந்துவிடுவார்கள். புது இடம், நண்பர்கள், உற்சாகம், எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்விடும். யார் எப்படித் தயாராகி வந்திருக்கிறார்கள் என்பது இரண்டாம் நாள் காலையில்தான் தெரியும். கூடாரத்திலிருந்து ஒவ்வொருவரும் எப்படி வெளியே வருகிறார்கள் என்று நான் கவனிப்பதுண்டு. சிலர் கையை ஊன்றி, தொடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை முயன்று எழுவார்கள். ஷூ போடக் குனியும்போது முகம் சுளிப்பார்கள். ஒரு சின்ன மேட்டிலிருந்துகூடப் பக்கவாட்டில் காலை வைத்து இறங்குவார்கள். இன்னும் சிலர் சாதாரணமாக எழுந்து பல் தேய்க்கப் போவார்கள். இந்த இரண்டாம் வகையினர் முதல் வகையினரைவிட வலிமையானவர்கள் என்று சொல்ல முடியாது. நேற்று நடந்த நடையிலிருந்து ஒரே இரவில் மீண்டுவர அவர்கள் உடம்பு பழகியிருக்கிறது. உங்கள் பயிற்சி, ஷூ, பை, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் இந்த ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: மறுநாள் காலை நான் எழுந்து நடக்க இது உதவுமா?

அந்தத் தொடை வலிக்குக் காரணம் ஏற்றம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். தசையைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சேதத்தை உண்டாக்கும். அந்த வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி என்னவென்றால், அளவாக ஒருமுறை இப்படி வேலை வாங்கிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே வலிக்கும். இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நீடிக்கும். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். ஆகவே பயிற்சியில் படி ஏறுவதோடு படி இறங்குவதும் கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்தில் மலை இல்லை என்பது ஒரு தடையே இல்லை. பத்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தால் போதும். ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கி வராதீர்கள், இறங்குவதற்காகத்தான் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வாரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நான்கு வாரம், வாரத்தில் மூன்று நாள் நாற்பது நிமிடம் படி அல்லது மேடான சாலை, வார இறுதியில் ஒரே ஒரு நீண்ட நடை, இரண்டில் தொடங்கி மூன்று மணி நேரம் வரை. பையில் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் மட்டும். அடுத்த ஐந்து வாரம் பையில் எடை சேர்க்கத் தொடங்குங்கள். மூன்று கிலோவில் ஆரம்பித்து, மலையில் தூக்கப்போகும் எடைக்கு மெதுவாக வாருங்கள். பயிற்சிக்குத் தண்ணீர் பாட்டில்களை எடையாக வைத்துக்கொள்வது நல்லது. முழங்கால் வலித்தால் கொட்டிவிட்டு இறங்கலாம். இந்தக் கட்டத்தில் மிக முக்கியமானது, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நடப்பது. சனிக்கிழமை நான்கு மணி நேரம் நடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கால் கனக்கும்போது மறுபடியும் மூன்று மணி நேரம். ஒரே நாளில் எட்டு மணி நேரம் நடப்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்தாவது, பதினோராவது வாரம் இதையே நாளுக்கு ஐந்து ஆறு மணி நேரமாக்குங்கள். கடைசி வாரம் உடம்பை விட்டுவிடுங்கள், லேசான நடை போதும். கடைசி நேரத்தில் விடுபட்டதை எல்லாம் ஈடுகட்டுகிறேன் என்று ஓடுபவர்கள் களைப்போடும் சுளுக்கோடும்தான் வந்து சேர்கிறார்கள்.

இதோடு வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், காலுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. ஜிம் தேவையில்லை. ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகால் கீழ்த்தரையைத் தொடும் வரை மெதுவாக, மூன்று எண்ணி இறங்குங்கள், பிறகு ஏறுங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சரியாமல் பாதத்தின் நேராக இருக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை. எளிதாகத் தெரியும், ஏழாவது முறையில் தொடை நடுங்கும். மலை இறக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியாது.

ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு "ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர்தான்" என்று சொன்னால் சின்னதாகத் தோன்றும். மலையில் தூரத்தைவிட உயரம்தான் கணக்கு. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன ஒரு கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன் மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். இது ஓய்வில்லாமல், நல்ல உடல்வாகு உள்ளவருக்கு. பையோடு போகும் புதியவருக்கு இதை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஆறு மணி நேரம். அந்த ஒன்றரை மடங்கு என் அனுபவக் கணக்கு, ஆய்வு முடிவு அல்ல. உங்கள் ஐந்து நாள் பாதையை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த நாள் கடினமான நாள் என்று இப்போதே தெரிந்துவிடும், பயிற்சியை அந்த நாளுக்கு ஏற்றபடி வைக்கலாம்.

வேகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாரமாகிவிடுவேனோ என்ற உங்கள் பயம் இங்கேதான் உங்களைக் கெடுக்கும். பின்தங்கக் கூடாது என்று நினைப்பவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் வேகமாக நடப்பார்கள், மூச்சு முட்டி நிற்பார்கள், மறுபடி வேகமாக நடப்பார்கள். மதியத்துக்குள் தீர்ந்துபோவார்கள். நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிகிறதா, அதுதான் உங்கள் வேகம். பேச முடியவில்லை என்றால் அடியின் நீளத்தைக் குறையுங்கள், நிற்காதீர்கள். முதல் அரை மணி நேரம் உங்களுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவாகப் போங்கள். இன்னொன்றும் உண்மை: மெதுவாக நடப்பவரால் ஒரு குழு சிக்கலில் மாட்டுவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். சீராக, ஒரே வேகத்தில் வருபவரை வைத்து நேரத்தைத் திட்டமிட முடியும். கொப்புளத்தையோ தலைவலியையோ சொல்லாமல் மறைத்து, மாலையில் நடக்கவே முடியாத நிலைக்கு வருபவரை வைத்து எதையும் திட்டமிட முடியாது. பாரமாகக் கூடாது என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், சீக்கிரமே சொல்லுங்கள்.

காலணிக்கு வருவோம். பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இதுதான், அதுவும் இந்த வாரமே. கடைக்கு மாலையில் போங்கள், பாதம் பகலில் கொஞ்சம் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் சாக்ஸை எடுத்துப் போய் அதோடு போட்டுப் பாருங்கள். நிற்கும்போது கால்விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சரிவில் கீழ்நோக்கி நின்று உதைத்துப் பாருங்கள், விரல் நுனி முன்பக்கம் இடிக்கக் கூடாது. ஏறும்போது குதிகால் ஷூவுக்குள் மேலே எழக் கூடாது. கணுக்காலை மூடும் உயரமான பூட் வேண்டுமா, தாழ்வான ஷூ போதுமா என்று நிறையப் பேர் சண்டை போடுவார்கள். உயரமான பூட் சுளுக்கைத் தடுக்கும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உறுதியான சான்று இல்லை. கல்லும் சேறும் பனியும் நிறைந்த பாதை, கனமான பை என்றால் நான் பூட்டைச் சொல்வேன். நல்ல பாதை, லேசான பை என்றால் பிடிமானமுள்ள தாழ்வான ஷூவே போதும். எதுவாக இருந்தாலும் பயிற்சி முழுக்க அதைத்தான் போட்டு நடக்க வேண்டும். புதுப் பெட்டியைப் பிரித்து நேராக மலைக்கு வரக் கூடாது.

ஷூவின் கயிறு கட்டுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கணுக்காலிடம் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, குதிகாலைப் பின்னோக்கித் தட்டி உட்காரவைத்துவிட்டு, பாதம் மடங்கும் இடத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, அதற்கு மேல் வழக்கம்போல் கட்டுங்கள். அந்த இரண்டு சுற்று பாதத்தை முன்னே வழுக்கவிடாது. இறக்கத்தில் கால் நகம் கறுத்துப் போவதற்கு முக்கியக் காரணம் இந்த வழுக்கல்தான். நகத்தைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் சூடாக, உறுத்தலாகத் தெரியும். அந்த நிமிடமே நின்று, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் டேப் ஒட்ட வேண்டும். "அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருபது நிமிடம் தள்ளிப்போட்டால் மூன்று நாள் நொண்ட வேண்டியிருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரணக் காகித டேப்பே போதும். பல நாள் ஓட்டப்பந்தயக்காரர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், காகித டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு எங்கே உறுத்தும் என்பது பயிற்சியிலேயே தெரிந்துவிடும். மலையில் காலையிலேயே அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். சாக்ஸ் கம்பளி அல்லது செயற்கை இழையாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம்.

பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று எங்கும் சொல்வார்கள். இதற்குப் பின்னால் பலமான ஆதாரம் கிடையாது, வழிவழியாக வந்த கணக்குதான். ஆனாலும் புதியவருக்கு உச்சவரம்பாக வைத்துக்கொள்ள நல்ல எண். உங்களால் அதைவிடக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். பையின் இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. முதலில் அதை இறுக்கி, அப்புறம்தான் தோள் பட்டை. எடையின் பெரும்பகுதி இடுப்பில் இறங்க வேண்டும். கனமான பொருட்கள் நடுவில், முதுகை ஒட்டி. பைக்கு மேல் போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே ஒரு தடிமனான பிளாஸ்டிக் பையை வைத்து அதற்குள் துணியையும் ஸ்லீப்பிங் பேக்கையும் வைத்துவிடுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, உயரே போகப் போகக் காற்றின் வெப்பம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். 3,600 மீட்டரில் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 23 டிகிரி குறைவு, காற்று வீசினால் உடம்புக்கு இன்னும் குளிர். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நடை நின்றதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்பை ஒட்டி செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி, அதன் மேல் கதகதப்பான ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். வியர்க்கத் தொடங்குவதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உடையும் சாக்ஸும் தனியாக இருக்கட்டும். என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. ஈரமான உடையில் படுத்தால் தூக்கம் வராது, தூக்கம் இல்லாவிட்டால் மறுநாள் கால் ஒத்துழைக்காது.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்ப அளவுகள் போட்டிருக்கும். வசதியாகத் தூங்கலாம் என்ற அளவைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் கீழே உள்ளது தாங்கிக்கொள்ளும் எல்லை, மிகக் கீழே இருப்பது உயிர் தப்பும் எல்லை. கடைசி எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் இரவெல்லாம் நடுங்குவார்கள். அடியில் விரிக்கும் பாயும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் உடம்பின் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிப்போகும், தரையின் குளிர் நேராக ஏறும். நடுக்கத்தோடு ஒருவருக்குப் பேச்சு குழறினால், கை வேலை செய்யாமல் ஜிப்பைக்கூடப் போட முடியாமல் தடுமாறினால், அது உடல்வெப்பம் ஆபத்தாகக் குறைவதன் அறிகுறி. நடுக்கம் நின்றுவிட்டது என்று நிம்மதியடைய வேண்டாம், நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். ஈரத் துணியை மாற்றி, காற்றுப் படாத இடத்தில் வைத்து, சூடேற்றி, உதவிக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

இனி உயரம். நீங்கள் கேட்காத, ஆனால் நான் அதிகம் கவலைப்படும் விஷயம் இது. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் எங்கும் ஒன்றுதான், 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். 3,600 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் வேகமாகப் போய்த் தூங்கும் யாருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, அதோடு குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைசுற்றல் இவற்றில் ஏதாவது இருந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே மூன்று விஷயங்கள் உறுதியானவை. ஒன்று, நல்ல உடற்பயிற்சி இதைத் தடுக்காது. மூன்று மாதம் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும், உயர நோய் விஷயத்தில் உங்களுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது. வேகமாக நடக்கும் வலுவான இளைஞர்கள்தான் பல நேரம் இதில் மாட்டுகிறார்கள். இரண்டு, அறிகுறி இருக்கும்போது மேலே போய்த் தூங்கக் கூடாது. அதே உயரத்தில் இருந்து பார்க்க வேண்டும், கூடினால் இறங்க வேண்டும். மூன்று, நடை தடுமாறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருப்பதாக இருக்கலாம். இரவு என்று பாராமல், தனியாக விடாமல், உடனே இறக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் காத்திருக்க நேரமில்லை.

தடுப்பது எப்படி என்றால், மெதுவாக ஏறுவதுதான் சிறந்த வழி. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு கூடுதல் இரவு. பகலில் மேலே போய்வரலாம், தூங்கும் உயரம்தான் கணக்கு. அசெட்டசோலமைடு என்ற மாத்திரை தடுப்புக்கு உதவும் என்பது நிரூபணமானது. ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா, எந்த அளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் பயிற்சி தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். சந்தேகத்துக்குரிய பக்கமும் உண்டு. முதல் முறை போகும் ஒருவருக்கு உயர நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை எதுவும் நம்பத்தக்கதாக இல்லை. மூலிகைகள் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. நிறையத் தண்ணீர் குடித்தால் உயர நோய் வராது என்பதும் தவறான நம்பிக்கை. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது வேறு, தாகமில்லாமல் லிட்டர் லிட்டராகக் குடிப்பது வேறு. பின்னது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் உயரத்தில் வேண்டாம்.

ஓடையில் வரும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். கையில் எடுத்துப்போகும் சாதாரண வடிகட்டிகள் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பெரும்பாலும் பிடிக்காது. உயரத்தில் பசி மங்கும், ஆனால் உடம்பு வழக்கத்தைவிட மிக அதிகமாகச் செலவழிக்கும். பசிக்காகக் காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொறியுங்கள். பயிற்சி நடையில் சாப்பிட்டுப் பார்த்து வயிறு ஒப்புக்கொண்டதை மட்டும் எடுத்துப் போங்கள். முகாமுக்கு வந்தவுடன், படுப்பதற்கு முன், ஏதாவது சாப்பிடுங்கள். தசை மீண்டுவர அதுதான் நேரம்.

கைத்தடி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். செங்குத்தான இறக்கத்தில் முழங்காலுக்கு வரும் சுமையை அவை குறைப்பது ஆய்வகத்தில் அளந்து பார்த்த உண்மை. இறங்கும்போது கொஞ்சம் நீளமாக்கி, காலுக்கு முன்னால் ஊன்ற வேண்டும். வெயிலை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், பனித்தரை அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி அழகுக்கு அல்ல. வரைபடத்தை நெட் இல்லாமலே திறக்கும்படி போனில் இறக்கி வையுங்கள், குளிரில் போனை இரவில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி தாங்கும். மலையில் உதவி கேட்கும் பொதுவான குறியீடு, ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது டார்ச் ஒளி, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. ஒரு விசில் பைப் பட்டையிலேயே கட்டியிருக்கட்டும்.

என்ன வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஷூ, சாக்ஸ், மழை ஜாக்கெட், இந்த மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள். பை, ஸ்லீப்பிங் பேக், பாய், கைத்தடி எல்லாம் முதல் முறைக்கு வாடகையோ இரவலோ போதும். உங்களுக்கு இது பிடிக்குமா என்றே இன்னும் தெரியாது, பிடித்தாலும் எந்த மாதிரிப் பை உங்கள் முதுகுக்குச் சரி என்பது ஒருமுறை போய்வந்த பிறகுதான் தெரியும். பொருள் வாங்கும் ஆர்வத்தில் பயிற்சியை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஆனால் இரவல் பையைக் கடைசி நாளில் வாங்காமல், ஒன்பதாவது வாரத்திலாவது கையில் வைத்துக்கொண்டு, அதைச் சுமந்து ஒருமுறை வெளியே ஓர் இரவு தங்கிப் பாருங்கள். வீட்டு மொட்டை மாடியில் படுத்தாலும் பரவாயில்லை. பாய் போதுமா, டார்ச்சை எங்கே வைத்தோம், இருட்டில் பையை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. ஏற்பாடு செய்யும் நண்பருக்கு எழுதி, ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப்போகிறோம் என்ற பட்டியலைக் கேளுங்கள். 3,000-க்கு மேல் எங்காவது ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் தாவினால், ஒரு கூடுதல் நாள் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு யார் இறங்குவார், எந்த வழியாக, அருகில் வண்டி வரும் சாலை எங்கே, மதியம் எத்தனை மணிக்கு மேல் மேலே போகாமல் திரும்புவது, குழுவில் முதலுதவி தெரிந்தவர் யார் என்பதையும் கேளுங்கள். இதற்கெல்லாம் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், அந்தக் குழுவோடு போவதை நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும். பதில் சரியாக வந்தால், அந்த உயரப் பட்டியலை இங்கே போடுங்கள். எந்த இரவில் கவனம் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.